தவறாமல் உடற்பயிற்சி செய்தும் எனக்கு ஏன் உற்சாகம் வரவில்லை?

சில மாதங்களாக விடாமல் பயிற்சி செய்தும், நண்பர்கள் சொல்லும் உற்சாகமோ உடல் மாற்றமோ உங்களுக்கு வரவில்லை என்றும், குறை உங்களிடம்தானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அப்படி இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரே பயிற்சி எல்லோருக்கும் ஒரே பலனைத் தருவதில்லை.

இதற்குப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது 'ஹெரிட்டேஜ்' குடும்ப ஆய்வு. உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத 98 குடும்பங்களைச் சேர்ந்த 481 பேருக்கு 20 வாரங்கள் மேற்பார்வையில் ஒரே திட்டப்படி பயிற்சி அளித்து, உச்ச உழைப்பின்போது அவர்கள் உடல் ஒரு நிமிடத்தில் பயன்படுத்தும் ஆக்சிஜனின் அளவை முன்னும் பின்னும் அளந்தார்கள். 1999-இல் வெளியான முடிவின்படி சராசரி உயர்வு ஏறத்தாழ 400 மில்லிலிட்டர். ஆனால் சிலருக்கு அநேகமாக எதுவுமே கூடவில்லை, வேறு சிலருக்கோ ஒரு லிட்டருக்கும் மேல் கூடியது. இந்த வேறுபாட்டில் கிட்டத்தட்டப் பாதி குடும்பவழியாக வருவது என்றும் கணித்தார்கள்.

இதைப் படித்துவிட்டு "என் உடல்வாகே இப்படித்தான்" என்று ஒதுங்கிவிடுவது எளிது (சோம்பலுக்கு மரபணு நல்ல சாக்கு). ஆனால் 2017-இல் வெளியான மற்றோர் ஆய்வில், வாரத்துக்கு ஒரு மணி நேரம் மட்டும் பயிற்சி செய்தவர்களில் பத்தில் ஏழு பேருக்கு முன்னேற்றம் தென்படவில்லை. நான்கு, ஐந்து மணி நேரம் செய்தவர்களில் அப்படி ஒருவர்கூட இல்லை. முன்னேறாதவர்களுக்கே மேலும் ஆறு வாரங்கள், வாரத்துக்கு இரண்டு அமர்வுகள் கூட்டிக் கொடுத்தபோது அவர்களும் முன்னேறினார்கள். ஆகவே உடல் மாற்றத்தைப் பொறுத்தவரை, முதலில் பார்க்க வேண்டியது பயிற்சியின் அளவைத்தான்.

மனநிலையின் கணக்கு வேறு. பயிற்சியின்போது உடலில் எண்டார்பின் என்ற வேதிப்பொருள் சுரந்தால் மகிழ்ச்சி தானே வரும் என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் இரத்தத்தில் சுரக்கும் எண்டார்பின் மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை. பயிற்சியின் கடுமைக்கு மனநிலையில் பெரும் பங்கு உண்டு. தடையின்றிப் பேச முடிகிற வேகத்தில் பெரும்பாலோருக்கு மனம் இலேசாகிறது, மூச்சுத் திணறும் வேகத்தில் பெரும்பாலோருக்கு வெறுப்பே மிஞ்சுகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட வேகத்தில்தான் ஆளுக்கு ஆள் அனுபவம் மாறுகிறது.

என் அண்ணனும் நானும் ஒரே பாதையில் சேர்ந்தே ஓடுகிறோம். வீடு திரும்பியதும் அவர் காலணியைக் கழற்றிக்கொண்டே அன்றைய வேலைகளை உற்சாகமாக அடுக்கத் தொடங்குவார். எனக்கோ குளித்து முடிக்கும் வரை யாரும் பேச்சுக் கொடுக்காமல் இருந்தால் போதும் என்றிருக்கும். எனக்கான பலன் இரவில், படுத்தவுடன் வரும் உறக்கமாகத்தான் கிடைக்கிறது. பயிற்சி முடிந்த நிமிடத்தில் மட்டும் பலனைத் தேடியிருந்தால் அது என் கண்ணில் பட்டிருக்காது. எனவே ஓரிரு வாரங்கள் வேகத்தைக் குறைத்து, உறக்கத்தையும் மாலை நேர மனநிலையையும் சேர்த்துக் கவனித்துப் பாருங்கள்.

பயிற்சிக்கு மறுநாள் எழவே முடியாத அளவுக்குச் சோர்வு வந்து அது நாள்கணக்கில் நீடிக்குமானால், அளவைக் கூட்டாதீர்கள். இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, நாட்பட்ட சோர்வு நோய் போன்ற காரணங்கள் இருக்கலாம். மருத்துவரைப் பார்த்த பிறகு தொடர்வதே நல்லது.