தறப்பாளைக் கழற்றிவிட்டுக் கொட்டில் போடுங்கள்

கேள்வி: மூன்று மாதங்களுக்கு முன்னர் துணிக்கூரை உள்ள புதிய மாஸ்டா எம்எக்ஸ்-5 ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினேன். வீடு மாங்குளத்தில், ஏ-9 வீதியிலிருந்து உள்ளே செல்லும் கிறவல் ஒழுங்கையில் இருக்கிறது. கராஜ் இல்லாததால் முற்றத்து மாமரத்தின் கீழ் நிறுத்தி, தறப்பாளால் மூடிக் கயிற்றால் கட்டிவைக்கிறேன். அதற்குள் பெயின்ற் மங்கியதுபோல் தெரிகிறது. செரமிக் பூச்சுப் போட்டால் மூடியே தேவையில்லை என்கிறார் நண்பர். என்ன செய்யலாம்?
- வாசகர், மாங்குளம்

பதில்: வன்னியில் இப்படி ஒரு கார் எதற்கு என்று உங்களிடம் பலர் கேட்டிருப்பார்கள், நான் கேட்கப்போவதில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டபோது, அதனோடு வந்த வரிகளைப் பார்த்துப் பலர் பின்வாங்கிய நாட்டில், விரும்பிய காரை உங்கள் பணத்தில் வாங்கியிருக்கிறீர்கள். எனக்கு விளங்காதது ஒன்றுதான்: அவ்வளவு செலவு செய்தவர் அதற்கு மேல் நாலு தகரம் போடாமல் விட்டது ஏன்?

பெயின்ற் மங்கியதற்குக் காரணம் பெரும்பாலும் வெயில் அல்ல, நீங்கள் போட்ட தறப்பாள்தான். இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே நிறமற்ற ஒரு பூச்சு இருக்கும். பளபளப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. அதன் தடிப்போ ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரோன் மட்டுமே, அதாவது தலைமயிரை விட மெல்லியது. உங்கள் ஒழுங்கையால் வந்து நிற்கும் காரின்மேல் கிறவல் தூசி படிந்திருக்கும். அந்தத் தூசியில் உள்ள மணற்துகள் பெயின்றை விடக் கடினமானது. அதன்மேல் தறப்பாளை இழுத்து மூடினால், சோளகம் வீசும் மாதங்களில் இரவு முழுவதும் அது அடித்து அடித்து, தூசியைப் பெயின்றின்மேல் தேய்த்துக்கொண்டே இருக்கும். காலைச் சாய்வெயிலில் முன்மூடியின்மேல் குனிந்து பாருங்கள்: சிலந்தி வலைபோல் நுண்ணிய வட்டக் கீறல்கள் தெரியும். தறப்பாளின் ஓரத்து உலோக வளையங்கள் கதவில் தட்டிய இடங்களில் சிறு பொட்டுகளும் இருக்கக்கூடும். இவை போதாதென்று, காற்றுப் புகாத அந்தச் சீலைக்குள் மாரிகாலத்து ஈரம் அடைபட்டால், துணிக்கூரையில் பூஞ்சணம் பிடிக்கும், பெயின்றும் கொப்பளிக்கலாம். எங்கள் மக்கள் தறப்பாளுக்குக் கீழே வருடக்கணக்கில் குடியிருந்தவர்கள். அதற்குள் எவ்வளவு வியர்க்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது மாமரம். நிழல் நல்லதுதான், ஆனால் மா பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சிகள் கழிக்கும் இனிப்பு நீர் கீழே நிற்பவை எல்லாவற்றின்மேலும் பசையாக ஒட்டும். கழுவாமல் விட்டால் அதன்மேல் கரும்பூஞ்சணம் வளரும். பறவை எச்சம் அதைவிட மோசம். அதில் யூரிக் அமிலம் இருக்கிறது. வெயிலில் இளகும் பூச்சு, காய்ந்து சுருங்கும் எச்சத்தோடு சேர்ந்து இறுகும்போது நிரந்தரத் தழும்பாகிவிடும். எச்சத்தைச் சுரண்டாமல், நனைத்த துணியை அதன்மேல் சில நிமிடங்கள் போட்டு, ஊறிய பிறகு மேல்நோக்கித் தூக்கி எடுக்க வேண்டும். இந்தக் காரில் இன்னொரு விடயமும் உண்டு: துணிக்கூரையில் விழும் மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னால் இரு புறமும் உள்ள துளைகளால்தான் வடியும். மாஞ்சருகு அவற்றை அடைத்தால் தண்ணீர் கம்பளத்துக்குள் இறங்கும். மாரி தொடங்குமுன் அவற்றைத் துப்புரவு செய்யுங்கள்.

ஆகவே, வேண்டியது கொட்டில். சீமெந்துத் தூண்களோ முதிரைக் கப்புகளோ எதுவானாலும் சரி, மரத்திலிருந்தும் தென்னையிலிருந்தும் விலக்கி நடுங்கள். வடகீழ்ப் பருவமழை சாய்ந்து அடிப்பது வடக்கு, கிழக்குப் பக்கங்களால் என்பதால் அவ்விரண்டையும் மறைத்து, பிற்பகல் வெயிலும் சோளகத் தூசியும் வரும் மேற்குப் பக்கத்துக்குத் தட்டி வையுங்கள். காற்றோடுவதற்கு மேலே இடைவெளி விடுங்கள். கூரைக்குத் தகரம் போடுவதானால் அதன் கீழே கிடுகு வேய்ந்தால் சூடு குறையும், ஆனால் எலியும் சேரும்; உங்கள் வளவில் எலித்தொல்லை எப்படியென்று பார்த்து முடிவெடுங்கள். தரையை முற்றத்தை விட உயர்த்திக் கொங்கிறீற் போடுங்கள். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கிளிநொச்சியில் வெள்ளம் எவ்வளவு தூரம் வந்தது என்பதை மறக்க வேண்டாம்; காப்புறுதிப் பத்திரத்தில் வெள்ளச் சேதம் அடங்குகிறதா என்பதையும் இன்றே வாசித்துப் பாருங்கள். ஏறும் சரிவு மட்டும் மெதுவாக இருக்கட்டும்: தரையிலிருந்து ஏறத்தாழ 14 சென்ரிமீற்றர் உயரத்தில் ஓடும் கார் இது, செங்குத்தான மேட்டில் முன்தாடி உரசிவிடும்.

கொட்டில் முடியும்வரை மூடி வேண்டுமென்றால், அந்த ரகத்தின் அளவுக்கே தைத்த, காற்றோடும் பல அடுக்குத் துணிமூடியை வாங்கி, அடிவயிற்றுப் பட்டியால் இறுக்குங்கள். தூசி படிந்த காரின்மேல் அதையும் போடக் கூடாது. கழுவும்போது முதலில் தண்ணீரை ஊற்றி மண்ணைக் கரையவிட்டு, பின்னர் வாகன ஷாம்பு ஒரு வாளியிலும் துணி அலசும் தண்ணீர் மற்றொன்றிலுமாக வைத்துக்கொள்ளுங்கள். பாத்திரம் கழுவும் சவர்க்காரம் மெழுகை எடுத்துவிடும். எங்கள் கிணற்று நீர் பல இடங்களில் சுண்ணாம்புத் தன்மை கூடியது; வெயிலில் உலரவிட்டால் வெள்ளைப் பொட்டு விழும், ஆகவே நிழலில் கழுவி உடனே துடைத்துவிடுங்கள். உயர் அழுத்த நீரைத் துணிக்கூரையில் அடிக்க வேண்டாம்.

நகரத்து ஆலோசனைகளில் வராத விருந்தினரும் இங்கே உண்டு. இனப்பெருக்கக் காலத்து ஆண் மயில், பளபளக்கும் கதவில் தெரியும் தன் உருவத்தைப் போட்டிக்கு வந்த மயிலென்று எண்ணிக் கொத்தும். குரங்கு பக்கக் கண்ணாடியைப் பிடித்துத் தொங்கும். கண்ணாடிக்கு ஒரு துணிப்பை மாட்டினால் போதும். மாமரக் கொப்பை எட்டுவதற்கு ஆடு முன்மூடியில் ஏறும். எலியோ, ஓடாமல் நிற்கும் காரின் இயந்திர அறைக்குள் கூடு கட்டி வயர்களைக் கடிக்கும். இதற்கு நல்ல மருந்து, வாரத்துக்கு இரு தடவையாவது காரை எடுத்து ஓடுவதும் முன்மூடியைத் திறந்து பார்ப்பதும்தான். பற்றறிக்கும் ரயருக்கும் அதுவே நல்லது.

நண்பர் சொன்ன செரமிக் பூச்சு மோசடி அல்ல. தண்ணீரும் அழுக்கும் ஒட்டாமல் கழுவுவதை இலகுவாக்கும், நல்ல பராமரிப்பில் சில வருடம் நிற்கும். ஆனால் அதன் தடிப்பு ஓரிரு மைக்ரோன் அளவுதான். கிறவல் கல்லையோ, தேங்காயையோ, ஆட்டின் குளம்பையோ அது தடுக்காது. கல்லைத் தாங்குவது, பெயின்றின்மேல் ஒட்டும் 150 மைக்ரோனுக்கு மேல் தடிப்புள்ள நிறமற்ற பாதுகாப்புப் படலம். அதை முன்பக்கத்துக்கு மட்டும் ஒட்டுவது உங்கள் ஒழுங்கைக்கு அர்த்தமுள்ள செலவு. எதைச் செய்வதானாலும் முதலில் அந்த வட்டக் கீறல்களைத் தேர்ந்த ஒருவரிடம் மெருகேற்றி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கீறல்களையே பூச்சுக்குள் பத்திரப்படுத்தி வைப்பீர்கள். அதற்குரிய காலம் கொட்டில் முடிந்த பிறகுதான். ஐப்பசி மழைக்கு முன்னர் மேசனைப் பிடியுங்கள்.