மர எண்ணெய் வினையூக்கியில் பிஎச்டி: ஒரு தந்தையின் கேள்விக்குப் பதில்

ஐயா, எம்.எஸ்சி. வேதியியல் முடிக்கப்போகும் உங்கள் மகள், மரத்தூள் எண்ணெயிலிருந்து ஆக்சிஜனை நீக்கும் வினையூக்கிகளில் (தான் தீராமல் வேதிவினையை வேகப்படுத்தும் பொருட்களில்) பிஎச்டி செய்ய விரும்புகிறாள். இதற்கெல்லாம் யார் வேலை கொடுப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தத் தலைப்பிலேயே வேலை தேடினால் அதிகம் கிடைக்காது. ஆனால் அதில் அவள் கற்றுக்கொள்ளும் தொழிலுக்கு நல்ல மதிப்பு இருக்கிறது.

மரத்தூளையோ கரும்புச் சக்கையையோ காற்றில்லாமல் சுமார் 500 டிகிரி செல்சியஸுக்குச் சட்டென்று சூடாக்கி, வரும் ஆவியைக் குளிரவைத்தால் கருப்பாக ஓர் எண்ணெய் கிடைக்கும். பார்க்கக் கச்சா எண்ணெய் மாதிரிதான். ஆனால் எடையில் 35 முதல் 40 சதவீதம் ஆக்சிஜன், போதாததற்குத் தண்ணீரும் அமிலமும். எரித்தால் டீசலில் பாதி வெப்பம்கூட வராது. சும்மா வைத்திருந்தாலே கெட்டியாகும். அதனால் உயர் அழுத்த ஹைட்ரஜனோடு வினையூக்கியின் மேல் செலுத்தி, ஆக்சிஜனைத் தண்ணீராக வெளியேற்றுகிறார்கள்.

பெரும்பாலும் முதலில் சோதிப்பது அலுமினா (அலுமினிய ஆக்சைடு) மேல் ஏற்றிய கோபால்ட்-மாலிப்டினம், நிக்கல்-மாலிப்டினம் சல்பைடுகளை, அதாவது கந்தகம் சேர்ந்த உலோகச் சேர்மங்களைத்தான். சுத்திகரிப்பு ஆலைகள் டீசலில் கந்தகம் நீக்குவதும் இதே வகை வினையூக்கியால்தான். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற வாகனப் புகை விதி வந்து டீசலில் கந்தக அளவு 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) ஆனபிறகு, இது தெரிந்தவர்கள் இல்லாமல் எந்த ஆலையும் ஓடாது. மர எண்ணெயில் கந்தகம் மிகக் குறைவு என்பதால் சல்பைடு தன் கந்தகத்தை இழக்கும். தண்ணீர் அலுமினாவைக் கெடுக்கும். மேலே கரி படியும். கார்பன் மேல் ரூத்தேனியம், பிளாட்டினம் வைக்கலாம், விலைதான் தாங்காது. உங்கள் மகளின் ஆராய்ச்சி இந்தக் குறைகளைத் தீர்ப்பதில்தான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். டேராடூனில் உள்ள இந்தியப் பெட்ரோலிய நிறுவனத்தின் எரிபொருளைக் கலந்து 2018 ஆகஸ்டில் டெல்லிக்கு விமானம் பறந்ததே, அது காட்டாமணக்கு விதை எண்ணெயிலிருந்து வந்தது. விதை எண்ணெயில் ஆக்சிஜன் சுமார் 11 சதவீதம்தான், அதனால் வேலை சுலபம். ஆலை அளவில் இன்று நடப்பதும் பெரும்பாலும் விதை எண்ணெய், கொழுப்பு, பயன்படுத்திய சமையல் எண்ணெய் பக்கம்தான். மர எண்ணெய் இன்னும் பெரும்பாலும் சோதனைக் கட்டத்தில் இருக்கிறது. சர்வதேச விமானங்களுக்கு 2027-ல் 1 சதவீதம், 2030-ல் 5 சதவீதம் பசுமை எரிபொருள் என்பது நம் அரசின் இலக்கு. எனவே மர எண்ணெய், விதை எண்ணெய் இரண்டையும் தொடுகிற ஆய்வகம் நல்லது.

சென்னை ஐஐடியின் தேசிய வினையூக்க ஆய்வு மையம், புனே தேசிய வேதியியல் ஆய்வகம், மேலே சொன்ன டேராடூன் நிறுவனம் மூன்றையும் பார்க்கட்டும். பெயரை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். வழிகாட்டியிடம் கூச்சப்படாமல் கேட்கச் சொல்லுங்கள்: ஆட்டோகிளேவ் (ஒரு தடவைக்கு ஒரு சோதனை செய்யும் மூடிய அழுத்தக் கலன்) மட்டும்தானா, தொடர்ந்து ஓடும் உயர் அழுத்த ரியாக்டரும் உண்டா? எண்ணெய்க்குப் பதிலாகச் சோதிக்கும் குவையகால் போன்ற ஒற்றை மாதிரிச் சேர்மத்தோடு நிறுத்திவிடுவார்களா, நிஜ எண்ணெயையும் ஓட்டுவார்களா? நாலு மணி நேர ஆட்டோகிளேவ் சோதனையை வைத்து கட்டுரை போட்டுவிடலாம். கம்பெனி நேர்காணலில் கேட்பதோ, வினையூக்கி எத்தனை மணி நேரம் தாங்கியது என்பதைத்தான்.

செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நெட் (NET) தேர்வில் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயும் விதிப்படி வீட்டு வாடகைப் படியும் வரும். உதவித்தொகை இல்லாமல் சேர மட்டும் சம்மதிக்காதீர்கள். கேட் (GATE) தேர்வும் சேர்த்தே எழுதட்டும். அப்புறம், அந்த ஆய்வகத்தில் முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள் என்பதை, சேர்வதற்கு முன் அவளே விசாரிக்கட்டும்.