ஊட்டியில் பருப்பு வேகாதது குளிராலா, குக்கராலா?

கேள்வி: போன மாதம்தான் மதுரையிலிருந்து ஊட்டிக்கு மாற்றலாகி வந்தோம். அங்கே நாலு விசிலில் குழைந்துபோகும் துவரம்பருப்பு இங்கே ஆறு விசில் விட்டும் முழுசு முழுசாக நிற்கிறது. இட்லி மாவு ரெண்டு நாள் ஆனாலும் பொங்குவதில்லை. குக்கர் பழசாகிவிட்டது, மாற்று என்கிறார் வீட்டுக்காரர். "குளிருக்கு அப்படித்தான் இருக்கும், உப்புப் போட்டு வேகவை" என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. குழந்தைக்குக் கொதிக்கவைத்துத் தருகிற தண்ணீராவது சரியாகக் கொதிக்கிறதா என்று இப்போது அதிலும் சந்தேகம் வந்துவிட்டது. குக்கரை மாற்றட்டுமா?

பதில்: மாற்ற வேண்டாம். கேஸ்கட் விறைத்துப் போயிருந்தாலோ மூடியின் ஓரமாக ஆவி சீறினாலோ கேஸ்கட்டை மட்டும் மாற்றுங்கள், மற்றபடி உங்கள் குக்கர் மதுரையில் செய்த வேலையைத்தான் இங்கேயும் செய்கிறது. பக்கத்து வீட்டு அக்கா சொன்னதில் பாதி சரி. மாவு பொங்காததற்குக் குளிர்தான் காரணம். பருப்பு வேகாததற்கும் குளிருக்கும் சம்பந்தமே இல்லை, அது ஊரின் உயரம் செய்கிற வேலை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பருப்புக்கு அடுப்பைக் கூட்டி வைப்பதும் மாவுக்குக் கம்பளி போர்த்துவதும், ரெண்டிலும் பலன் இல்லாமல் போவதும் நடக்கிறது.

முதலில் பருப்பு. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது கடல்மட்டத்துக்கான கணக்கு. தண்ணீருக்குள் ஆவிக்குமிழி உண்டாகி நிலைக்க வேண்டுமானால், மேலே அழுத்திக்கொண்டிருக்கும் காற்றை அது எதிர்த்துத் தள்ளியாக வேண்டும். உயரம் போகப் போக தலைக்கு மேலே இருக்கும் காற்று குறைகிறது, அழுத்தமும் குறைகிறது, அதனால் குறைந்த சூட்டிலேயே குமிழி வந்துவிடுகிறது. ஊட்டி சுமார் 2240 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். தோராயமாக 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்று வைத்துக்கொண்டால் போதும்: மதுரையில் கிட்டத்தட்ட 100, குன்னூரிலும் கோத்தகிரியிலும் 94 பக்கம், ஊட்டியிலும் கொடைக்கானலிலும் 93 பக்கம், தொட்டபெட்டா உச்சியில் 91 சொச்சம். இந்தக் கணக்கு அவ்வளவு நம்பகமானது என்பதால் 19ஆம் நூற்றாண்டில் சர்வேயர்கள் மலை மேலே தண்ணீரைக் கொதிக்கவைத்து, அது எத்தனை டிகிரியில் கொதிக்கிறது என்று தெர்மாமீட்டரில் பார்த்து, அதை வைத்தே மலையின் உயரத்தைக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஆக உங்கள் குண்டானில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, பார்வைக்கு மதுரையில் கொதித்த மாதிரியேதான் இருக்கிறது, ஆனால் சூடு 7 டிகிரி குறைவு. இதற்குமேல் அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் சூடு ஏறாது. கொதிக்க ஆரம்பித்த தண்ணீர், நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் வெப்பத்தையெல்லாம் ஆவியாகப் போவதற்கே செலவழித்துவிடும். தீயைப் பெரிதாக்கினால் தண்ணீர் சீக்கிரம் வற்றும், சிலிண்டர் சீக்கிரம் தீரும், பருப்பு அதே வேகத்தில்தான் வேகும். கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடி போட்டு வையுங்கள். மூடி போடுவதால் சூடு 93ஐத் தாண்டிவிடாது, சிறு தீயிலேயே கொதி நிற்கும், அவ்வளவுதான்.

வெறும் 7 டிகிரிக்கு இவ்வளவா என்றால், ஆமாம். வேகுவது என்பது பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் கரைந்து, உள்ளே இருக்கும் மாவுச்சத்து தண்ணீரை இழுத்து உப்பி இளகுவது. மாவுச்சத்து 70 டிகிரி பக்கத்திலேயே இளக ஆரம்பித்துவிடும், அதில் பிரச்சினை இல்லை. பெக்டின்தான் பிடிவாதக்காரன், கொதிநிலையை ஒட்டிய சூட்டில்தான் வேகமாகக் கரையும், சில டிகிரி குறைந்தாலும் இழுத்தடிக்கும். அதனால்தான் பச்சரிசிச் சோறு இங்கே திறந்த பானையிலும் எப்படியோ வெந்துவிடுகிறது, பருப்பும் கடலையும் முரண்டு பிடிக்கின்றன. முட்டையும் அப்படியே, வெள்ளைக்கரு 80 டிகிரிக்குள்ளேயே இறுகிவிடுவதால் சில நிமிடம் கூடுதலாக வைத்தால் போதும். உருளைக்கிழங்கு இரண்டுக்கும் நடுவில்.

உருளைக்கிழங்கு என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். 1835ல் ஆண்டிஸ் மலையைக் கடந்தபோது சார்லஸ் டார்வினின் குழு ராத்திரி முழுக்க உருளைக்கிழங்கை அடுப்பில் வைத்திருந்தது, காலையில் பார்த்தால் வேகவே இல்லை. கூட வந்தவர்கள் ஆராய்ந்து கண்டுபிடித்த காரணம்: பானை புதுசு, அதற்கு உருளைக்கிழங்கு வேகவைக்க இஷ்டமில்லை! உங்கள் வீட்டுக்காரர் பழைய குக்கரைத் திட்டுகிறார், அவர்கள் புதுப் பானையைத் திட்டினார்கள்.

குளிர் காரணமில்லை என்று எப்படி அடித்துச் சொல்கிறேன் என்றால், ஜனவரியில் டெல்லி ஊட்டிக்குச் சமமாகக் குளிரும், அங்கே பருப்பு வேகுவதில் இந்தத் தகராறு கிடையாது. நீங்கள் ஏப்ரல் மாதம், சீசன் நேரத்தில், நல்ல வெயில் அடிக்கிற மத்தியானத்தில் இங்கே பருப்பு வைத்துப் பாருங்கள், அப்போதும் இதே கதைதான். குளிரால் தண்ணீர் கொதி வரக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகலாம், கொதி வந்த பிறகு வெளியே எவ்வளவு குளிர் என்பது பானைக்குள் இருக்கும் பருப்புக்குத் தெரியாது.

சரி, குக்கரில் வைத்தும் ஏன் இப்படி? குக்கருக்குள் வெளிக்காற்று இல்லையே என்று கேட்கலாம். அந்த வெயிட் அளப்பது உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கும் வெளியே இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான். வெளி அழுத்தத்தைவிட ஒரு குறிப்பிட்ட அளவு கூடினதும் வெயிட் எழும்பி விசில் அடிக்கும். வெளி அழுத்தமே இங்கே குறைவு, ஆகவே விசில் வரும்போது உள்ளே இருக்கும் மொத்த அழுத்தமும் குறைவு. மதுரையில் விசில் வரும் நேரத்தில் உள்ளே 120 டிகிரி இருக்குமென்றால் ஊட்டியில் 116 பக்கம் இருக்கும். திறந்த பானைக்கு 7 டிகிரி நஷ்டம், குக்கருக்கு 4 டிகிரி நஷ்டம். மலை ஊரில் குக்கர் இல்லாமல் பருப்பு சமைப்பது வீண் வேலை என்று நான் சொல்வது இதனால்தான்.

நேரக் கணக்கு இப்படி: 2000 அடிக்கு மேலே ஒவ்வொரு 1000 அடிக்கும் குக்கர் நேரத்தில் 5 சதவீதம் கூட்ட வேண்டும். ஊட்டி 7300 அடிக்குக் கொஞ்சம் மேல், கால் பங்கு நேரம் கூடுதலாகத் தேவை. மதுரையில் 12 நிமிடம் என்றால் இங்கே 15 நிமிடம். நிமிடத்தில் சொல்கிறேன் என்பதைக் கவனியுங்கள். விசிலை எண்ணுவது நம் வீடுகளில் ஊறிப்போன பழக்கம், ஆனால் விசில் நல்ல கடிகாரம் அல்ல. பெரிய தீயில் வைத்தால் ஐந்து நிமிடத்துக்குள் ஆறு விசில் வந்துவிடும், சிம்மில் வைத்தால் கால் மணி நேரத்தில் ரெண்டே விசில்தான் வரும். பின்னதில்தான் பருப்பு நன்றாக வெந்திருக்கும். முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்து, அதிலிருந்து கடிகாரம் பாருங்கள். அப்புறம் ஆவி தானாக அடங்குகிறவரை திறக்காதீர்கள், அந்தப் பத்து நிமிடமும் உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருக்கும்.

இதெல்லாம் செய்தும் பருப்பு நிற்கிறது என்றால் பருப்பையே சந்தேகப்படுங்கள். பல மாதம் மூட்டையில் கிடந்த பழைய பருப்பு, அதுவும் வெக்கையும் ஈரமும் உள்ள இடத்தில் கிடந்தது, எந்த ஊரிலும் லேசில் வேகாது. அரை மணி நேரம் ஊறவைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். புளி, தக்காளி இரண்டையும் பருப்பு வெந்த பிறகு சேருங்கள், புளிப்பில் பெக்டின் கரையாது. சிட்டிகை சோடா உப்புப் போட்டால் சட்டென்று குழையும் என்பது உண்மைதான், கூடவே பி1 வைட்டமினும் காலியாகும், எனக்கு அது உடன்பாடில்லை. சாதா உப்பால் கொதிநிலை ஏறும் என்பதும் உண்மை, எவ்வளவு தெரியுமா? ஒரு லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் போட்டால் டிகிரியில் பத்தில் ஒரு பங்கு. ஏழு டிகிரியை அப்படி ஈடுகட்ட நினைத்தால் சாம்பாரை வாயில் வைக்க முடியாது.

ராஜ்மா விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். சிவப்பு பீன்ஸ் கொட்டையில் லெக்டின் என்று ஒரு புரதம் இருக்கிறது; அரைவேக்காட்டில் சாப்பிட்டால் சில மணி நேரத்திலேயே வாந்தி, வயிற்றுப்போக்கு என்று படுக்க வைத்துவிடும். கொதிநிலையில் நன்றாக வெந்தால்தான் அது செயலிழக்கும், மிதமான சூட்டில் வெகுநேரம் வைப்பது பிரயோஜனப்படாது. ராத்திரி முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குக்கரில்தான் வேகவைக்க வேண்டும். ஊட்டியில் திறந்த பானையில் ராஜ்மா வேண்டவே வேண்டாம். இரண்டு விரலால் அழுத்தினால் மாவாக நசுங்க வேண்டும், நடுவில் வெள்ளையாகக் கடுக்கென்று ஒரு புள்ளி தெரிந்தாலும் மறுபடி அடுப்பில் ஏற்றுங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சீக்கிரமே கேட்பீர்கள்: வடை. எண்ணெய்க்கு இந்தக் கொதிநிலைப் பிரச்சினை கிடையாது, அது மதுரையில் காய்கிற மாதிரியே இங்கேயும் காயும். வடைக்குள் இருக்கும் ஈரம் மட்டும் 93லேயே ஆவியாகும், அதனால் உள்ளே மெதுவாக வேகும், வெளியே வழக்கம்போலச் சிவந்துவிடும். எண்ணெயின் சூட்டை ஒரு மட்டு குறைத்து, வடையைத் தட்டையாகத் தட்டிப் போடுங்கள்.

இனி மாவு. இதில் உயரத்துக்குப் பங்கில்லை. உளுந்திலும் அரிசியிலும் இயற்கையாகவே ஒட்டிக்கொண்டிருக்கும் பாக்டீரியாக்கள்தான் மாவைப் பொங்கவைக்கின்றன, அவற்றுக்கு 25 முதல் 30 டிகிரி வரை சூடு வேண்டும். மதுரையில் சமையல்கட்டே அந்தச் சூட்டில்தான் இருக்கும். ஊட்டியில் டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் புல்வெளியெல்லாம் உறைபனி படிகிறது, வீட்டுக்குள் 12, 13 டிகிரி இருந்தாலே பெரிது. அந்தச் சூட்டில் அவை சாவதில்லை, சோம்பிக் கிடக்கும்.

இங்கே எல்லோரும் செய்வது மாவுப் பாத்திரத்துக்குக் கம்பளியோ பழைய ஸ்வெட்டரோ சுற்றி வைப்பது. கம்பளி தானாகச் சூடு தராது, உள்ளே இருக்கும் சூடு வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளும். ஜில்லென்ற குழாய்த் தண்ணீர் விட்டு அரைத்த மாவுக்குக் கம்பளி சுற்றினால் அந்த ஜில்லிப்பைத்தான் பத்திரப்படுத்துகிறீர்கள். ஆகவே மாவை முதலில் சூடாக்குங்கள்: ஊறவைக்கும் தண்ணீரும் அரைக்கும்போது விடும் தண்ணீரும் வெதுவெதுப்பாக இருக்கட்டும், அரைத்து முடித்த மாவில் விரலை விட்டால் ஜில்லிப்பு தெரியக் கூடாது. ஆனால் சுடவும் கூடாது, 45 டிகிரிக்கு மேல் போனால் காரியம் கெட்டுவிடும். முன்பு பொங்கிய மாவு ஒரு கரண்டி இருந்தால் கலந்துவிடுங்கள். உப்பு பொங்கிய பிறகு போட்டுக்கொள்ளலாம், குளிர் நாட்களில் அது கொஞ்சம் உதவும். பிறகு பாத்திரத்தை இன்னும் பெரிய பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீருக்குள் இறக்கி, அதையும் சேர்த்துக் கம்பளியால் மூடுங்கள். படுக்கப் போகுமுன் அந்தத் தண்ணீரை ஒருமுறை மாற்றினால் போதும், பெரும்பாலும் காலையில் பொங்கியிருக்கும். தயிருக்கும் இதே வழிதான், பாலை மதுரையில் உறை ஊற்றுவதைவிடக் கொஞ்சம் கூடுதல் சூட்டில் ஊற்றிவிட்டு ஹாட்பேக்கில் வைத்துவிடுங்கள். இட்லி அவியும்போது மட்டும் உயரம் மறுபடி எட்டிப்பார்க்கும். ஆவியும் 93 டிகிரிதான், மூன்று நான்கு நிமிடம் கூடுதலாக விடுங்கள்.

குழந்தைக்கான தண்ணீர் பற்றிக் கவலை வேண்டாம். நோய் தரும் கிருமிகள் 70 டிகிரியைத் தாண்டினாலே வேகமாகச் சாக ஆரம்பித்துவிடும், 93 தாராளம். கொதி வந்து ஒரு நிமிடம் என்பது பொதுவான அளவு. 6500 அடிக்கு மேலே உள்ள ஊர்களுக்கு மூன்று நிமிடம் என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது, ஊட்டி அந்த உயரத்தில் வருவதால் நீங்களும் மூன்று நிமிடம் விடுங்கள். ஓரத்தில் குட்டிக் குட்டியாகக் குமிழி வருவதைக் கொதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அது தண்ணீரில் கரைந்திருந்த காற்று வெளியேறுவது. அடியிலிருந்து பெரிய குமிழிகள் மேலே வந்து உடைய வேண்டும், அதிலிருந்து மூன்று நிமிடம். அதே பாத்திரத்தில் மூடியே ஆறவிடுங்கள், குழாய்த் தண்ணீர் கலந்து விளாவாதீர்கள்.