சொராரிட்டிச் சொற்கள்: கேளுங்கள், சொல்கிறேன்

அமெரிக்கக் கல்லூரிகளில் இது ரஷ் பருவம்; சொராரிட்டி எனப்படும் மாணவியர் சங்கங்கள் புது உறுப்பினர்களைச் சேர்க்கும் காலம். மகளை விடுதியில் விட்டுவிட்டு வந்த அம்மா அப்பாக்கள் சிலர், "ஃபோன்ல என்னென்னவோ சொல்றா, பாதி புரியல" என்று எழுதியிருந்தீர்கள். டெக்ஸஸில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் படித்தபோது நான் சொராரிட்டி உறுப்பினர். இப்போது வேறோர் ஊரில் ஒரு சாப்டருக்கு, அதாவது சொராரிட்டியின் கல்லூரிக் கிளைக்கு, சம்பளமில்லாத ஆலோசகராக இருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன். விசா, அட்மிஷன் கேள்விகள் மட்டும் வேண்டாம்.

கேள்வி (டாலஸ், ஓர் அம்மா): "நான் பி.என்.எம்., நாளைக்கு ப்ரெஃப், ரோ காமா சீக்கிரம் வரச் சொன்னாங்க" என்றாள். இதற்கு என்ன அர்த்தம்?

பதில்: பி.என்.எம். என்றால் சேர விண்ணப்பித்திருக்கும் பெண். இன்னும் உறுப்பினர் இல்லை. ரோ காமா என்பவர் அந்த வாரம் முழுக்க அவளையும் இன்னும் பத்திருபது பேரையும் வழிநடத்தும் சீனியர். சில கல்லூரிகளில் இவரையே பை கை என்பார்கள். இவரும் ஒரு சொராரிட்டி உறுப்பினர்தான். ஆனால் எந்தச் சொராரிட்டி என்று அந்த வாரம் வாய் திறக்கக் கூடாது. நான் ரோ காமாவாக இருந்த வருடம் வாசலில் என் சாப்டர் பெண்களே எதிரே வந்தாலும் தெரியாதவள் போல நடந்தேன். ஆகஸ்ட் வெயிலில் தோளில் ஒரு பை. அதில் ஊக்கு, பிளாஸ்திரி, கைவிசிறி, குதிகால் உயர்ந்த செருப்பைக் கழற்றிவிட்டு மாட்டிக்கொள்ள நாலு ஜோடித் தட்டைச் செருப்பு. வேலையில் பாதி அழுகிற பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுப்பதுதான்.

இனி ப்ரெஃப். ப்ரெஃபரன்ஸ் என்பதன் சுருக்கம், கடைசிச் சுற்று. முதல் நாள் எல்லாச் சொராரிட்டிகளின் வீட்டுக்கும் போவார்கள். நாளுக்கு நாள் மாணவிகள், சொராரிட்டிகள் இரண்டு பக்கமும் கழித்துக்கொண்டே வந்து கடைசியில் பெரும்பாலும் இரண்டு வீடுதான் மிஞ்சும். பாட்டு, கைதட்டல் எல்லாம் அடங்கி, அன்று மெழுகுவத்தி வெளிச்சத்தில் மெதுவாகப் பேசுவார்கள். பலருக்கும் கண் கலங்கிவிடும்.

அந்தக் கலங்கின கண்ணோடு வெளியே வந்த உடனே ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அதன் பெயர் எம்.ஆர்.ஏ.பி.ஏ. கடைசி எழுத்துகள் இரண்டும் 'கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்' என்பதற்கானவை. எந்தச் சாப்டரின் பெயரை அதில் எழுதினாலும், அங்கிருந்து அழைப்பு வந்தால் ஏற்பேன் என்று பொருள். வந்த அழைப்பை மறுத்தால், அந்தக் கல்லூரியில் அதே 'பான்ஹெலனிக்' கூட்டமைப்பைச் சேர்ந்த வேறு எந்தச் சொராரிட்டியிலும் அடுத்த முதன்மை ரெக்ரூட்மெண்ட் (ரஷ்) வரை சேர முடியாது. ஏறக்குறைய ஒரு வருடம். என் அறைத்தோழி, "ரெண்டாவது வீட்டுக்காரங்க மனசு நோகக்கூடாது" என்று அந்தப் பெயரையும் எழுதினாள். அந்த வீடுதான் கிடைத்தது. போக மனமில்லை. ஒரு வருடம் எங்கள் கூட்டத்துக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா, இன்று ராத்திரியே மகளிடம் சொல்லுங்கள்: சேர மனமில்லாத வீட்டின் பெயரை மரியாதைக்காக எழுதாதே. படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு.

கேள்வி: ரஷ், ரெக்ரூட்மெண்ட் இரண்டும் வேறா?

பதில்: ஒன்றுதான். தாளில் ரெக்ரூட்மெண்ட், வாயில் ரஷ். அழைப்பை ஏற்றும் இன்னும் முழு உறுப்பினராகாதவரைக் குறித்த 'ப்ளெட்ஜ்' என்ற பழைய சொல்லுக்கும் இப்போது தாளில் 'நியூ மெம்பர்' என்று பெயர்.

கேள்வி (ஒரு தமிழாசிரியை): சொராரிட்டி என்ற சொல் எங்கிருந்து வந்தது? சில பழைய பேட்ஜுகளில் பெண்கள் சங்கத்துக்கும், ஆண்கள் சங்கத்தைச் சொல்வதுபோல, ஃபிரட்டர்னிட்டி என்றே போட்டிருக்கிறதே?

பதில்: நல்ல கேள்வி டீச்சர். கிரேக்க எழுத்தில் பெயர் வைக்கும் வழக்கம் 1776-இல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் ஃபை பீட்டா காப்பா தொடங்கியதிலிருந்து வருகிறது. அது அப்போது ஆண்கள் சங்கம். பெண்கள் கல்லூரிக்குள் வந்தபோது இந்தச் சங்கங்களில் அவர்களுக்கு இடமில்லை. அதனால் தங்களுக்கென்று தொடங்கினார்கள்: 1867-இல் இல்லினாய் மாநிலத்தின் மன்மத் கல்லூரியில் பை பீட்டா ஃபை, 1870-இல் காப்பா ஆல்ஃபா தீட்டா, அதே வருடம் காப்பா காப்பா காமா. தங்களைக் குறிக்கத் தனிச்சொல் இல்லாததால் 'பெண்கள் ஃபிரட்டர்னிட்டி' என்றே எழுதினார்கள். நீங்கள் பார்த்த பேட்ஜ் அந்த வழி வந்தது.

1874-இல் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் காமா ஃபை பீட்டா தொடங்கியது. அங்கே லத்தீன் கற்பித்த ஃபிராங்க் ஸ்மாலி என்ற பேராசிரியர்தான் 1882-இல் 'ஃபிரட்டர்னிட்டி' என்பது இந்தப் பெண்களுக்குப் பொருந்தாது என்று சொல்லி, 'சொராரிட்டி' என்ற சொல்லை எடுத்துக் கொடுத்தார். ஃபிராட்டர் சகோதரன், சொரோர் சகோதரி. நம் 'சகோதரி'க்கு ஒரே வயிற்றில் பிறந்தவள் என்று பொருள். இங்கே வயிறு வேறு, வாக்கு ஒன்று. 'வாக்குத் தோழியர்' என்று தமிழாக்கலாமா என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. உங்கள் தீர்ப்பைச் சொல்லுங்கள்.

கேள்வி (சென்னையிலிருந்து எம்.எஸ். படிக்க வந்தவர்): அக்கா, நான் ரஷ் பண்ணலாமா?

பதில்: இல்லைம்மா, இந்த ரஷ் இளங்கலை மாணவிகளுக்கானது. பட்டம் முடித்தவர்களைச் சேர்க்கும் சங்கங்களும் உண்டு. கீழே கமலா ஹாரிஸ் பற்றிய பதிலைப் பார்.

கேள்வி: மகளுக்கு பிட் வந்திருக்கிறதாம். அப்படியென்றால்?

பதில்: பிட் என்றால் சேரச் சொல்லி வரும் முறையான அழைப்பு. அதை வாங்கும் நாள் பிட் டே. அலபாமா பல்கலைக்கழகத்தில் கால்பந்து மைதானத்தில் உறையைப் பிரித்துவிட்டு, அங்கிருந்து தங்கள் வீட்டுக்கு ஓடுவார்கள். நீங்கள் வீடியோவில் பார்த்திருப்பது அதுதான். ஸ்நாப் பிட் என்று சொன்னால், ஒரு சாப்டரில் இடம் மிச்சமிருந்து பிட் டேக்கு முன்பே நேரடியாகக் கூப்பிட்டார்கள் என்று அர்த்தம். பிட்டை ஏற்பதோடு கட்டணமும் தொடங்கிவிடும். டியூஸ் என்பார்கள். சாப்பாடு, வீட்டுப் பராமரிப்பு, தேசிய அமைப்புக்கான பங்கு எல்லாம் சேர்த்துத் தெற்கத்திப் பெரிய கல்லூரிகளில் ஒரு செமஸ்டருக்குச் சில ஆயிரம் டாலர் ஆகும். முதல் வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கேட்பதில் தவறே இல்லை.

கேள்வி: கமலா ஹாரிஸ் சேர்ந்திருந்ததும் இதுதானா?

பதில்: சொராரிட்டிதான், ஆனால் மரபு வேறு. ஷியாமளா கோபாலனின் மகள் சேர்ந்தது ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா. கறுப்பினப் பெண்கள் 1908-இல் வாஷிங்டனின் ஹோவர்ட் (Howard) பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சங்கம். வெள்ளையர் சங்கங்கள் கதவைச் சாத்திய காலத்தில் பிறந்தது. டெல்டா சிக்மா தீட்டா 1913, ஸீட்டா ஃபை பீட்டா 1920, சிக்மா காமா ரோ 1922. இந்த நான்கும் ஐந்து ஆண்கள் சங்கங்களும் சேர்ந்ததுதான் 'டிவைன் நைன்'.

இங்கே ரஷ் என்ற பேச்சே இல்லை. 'இன்டேக்' என்பார்கள். ஒன்றாகச் சேருபவர்கள் ஒரு 'லைன்', அவர்களுக்குள் லைன் ஸிஸ்டர். சேர்ந்து முடிப்பது 'கிராஸ்' ஆவது. ஒருவரையொருவர் 'சொரோர்' என்றே அழைப்பார்கள். பட்டம் வாங்கியதோடு விட்டுவிட மாட்டார்கள்; வேலைக்குப் போன பெண்களுக்கென்று தனிச் சாப்டர்கள் உண்டு, அவற்றின் வழியாகவே புதிதாகவும் சேரலாம். சாகும்வரை உறுப்பினர் என்பதை நான் பார்த்த வரையில் இவர்கள்தான் உண்மையாகவே வாழ்கிறார்கள்.

வெள்ளையர் சங்கக் கதவுகள் சாத்தியிருந்தது பழங்கதையும் இல்லை. 2013-இல் அலபாமா மாணவர் செய்தித்தாள் ஒன்று, தகுதியுள்ள கறுப்பினப் பெண்கள் அங்கே தள்ளப்பட்டதை வெளியிட்ட பிறகுதான் நிர்வாகம் தலையிட்டு மறுபடியும் அழைப்புகள் கொடுக்க வைத்தது.

கேள்வி: இந்தியப் பெண்களுக்கென்று இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. 1998-இல் மட்டும் மூன்று பிறந்தன: ஆஸ்டினில் காப்பா ஃபை காமா, ஹியூஸ்டனில் டெல்டா ஃபை ஒமேகா, நியூயார்க்கில் சிக்மா சிக்மா ரோ. லைன், கிராஸ் எல்லாம் இங்கேயும் புழங்கும். புதிதாகச் சேர்ந்தவர் 'நியோ', முன்பே சேர்ந்தவர் 'ப்ரோஃபைட்'.

கேள்வி (நியூஜெர்சி, ஓர் அப்பா): நிறையப் பெண்கள் ஒரே வீட்டில் இருந்தால் சட்டப்படி விபச்சார விடுதி, அதனால்தான் சொராரிட்டி வீட்டில் பார்ட்டி வைக்க முடியாது என்கிறார்களே?

பதில்: இல்லை. அப்படி ஒரு சட்டம் இல்லை. இது கட்டுக்கதை.

கேள்வி (அவரே): கல்லூரியைச் சுற்றிக் காட்டிய மாணவரே சொன்னார் மேடம். ஆறு பெண்களுக்கு மேல் கூடாதாம்.

கேள்வி (ஒஹாயோ): எங்கள் ஊரில் எட்டு என்றார்கள்.

பதில்: ஊருக்கு ஊர் எண் மாறுகிறது பாருங்கள். இன்னோர் ஊரில் பன்னிரண்டு என்பார்கள். எண் இருக்கிறது, சட்டப் பிரிவை மட்டும் யாரும் காட்டுவதில்லை. பெண்கள் விடுதிகளில் நூற்றுக்கணக்கானோர் ஒரே கூரையின் கீழ் தூங்குகிறார்கள், அண்ணா. அவற்றை யார் மூடினார்கள்?

காரணம் எளிது. சொராரிட்டிகளின் தேசிய அமைப்புகள் தங்கள் வீடுகளில் மது கூடாது என்று தாங்களே விதித்திருக்கின்றன. சங்க விதி, அவ்வளவுதான்.

கேள்வி (நியூஜெர்சி): சட்டமோ விதியோ, பலன் ஒன்றுதானே? இதற்கு ஏன் இவ்வளவு கோபம்?

பதில்: கோபம் வரத்தான் செய்கிறது. பதினெட்டு வயதுப் பெண்கள் குடியிருக்கும் வீட்டுக்கு அந்தச் சொல்லை ஒட்டிச் சிரிக்கிறார்கள். அதைவிட முக்கியம், இந்தக் கதை நிஜத்தை மறைக்கிறது. பெண்கள் வீட்டில் மது கூடாது என்றால் பார்ட்டி எங்கே போகிறது? ஆண்கள் சங்க வீட்டுக்கு. அங்கே கதவில் நிற்பது அவர்கள், ஊற்றிக் கொடுப்பது அவர்கள், மாடி அறையின் சாவியும் அவர்களிடம். உங்கள் மகள் 'மிக்ஸர்' என்று சொன்னால், தின்கிற மிக்சரை நினைக்காதீர்கள்; ஒரு சொராரிட்டியும் ஒரு ஃபிரட்டர்னிட்டியும் சேர்ந்து நடத்தும் கூடுகை அது. "எந்த வீட்டில், திரும்பி வர யார் வண்டி, உங்க சாப்டர்ல அன்னிக்குக் குடிக்காம இருக்கப்போறது யார்?" இந்த மூன்றையும் கேளுங்கள். எங்கள் சாப்டரில் அப்படிக் குடிக்காமல் இருப்பவருக்கு 'சோபர் ஸிஸ்டர்' என்று பெயர். அவர் எண் மகளின் ஃபோனில் இருக்கட்டும்.

கேள்வி (ஹியூஸ்டன்): எங்கள் ஊரிலும் அந்தச் சட்டம் உண்டு என்று என் மைத்துனர்…

பதில்: இதைப் பற்றி இனி எழுத மாட்டேன்.

கேள்வி: பிட் என்றால் என்ன?

பதில்: மேலே விரிவாகச் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி (அட்லாண்டா): லெகசி என்கிறார்களே, அம்மா உறுப்பினராக இருந்தால் மகளுக்கு உறுதியா?

பதில்: உறுதி என்றைக்குமே இல்லை. முன்பு மகள், தங்கை, பேத்தி என்றால் முன்னுரிமை இருந்தது. 2020 வாக்கில் பல சொராரிட்டிகள் அதையும் எடுத்துவிட்டன. நல்லதுதான். நம் வீட்டுப் பெண்களில் பலர் இந்த ஊருக்கு வந்த முதல் தலைமுறையின் பிள்ளைகள்; அவர்களுக்கு எந்தப் பாட்டியின் பேட்ஜ் இருக்கப்போகிறது?

கேள்வி: ஹேஸிங் பயமாக இருக்கிறது. "பிக் கிடைச்சிட்டா" என்கிறாள், அதுவும் ஹேஸிங்கா?

பதில்: இல்லை. பிக் என்றால் அவளுக்கு ஒதுக்கிய அக்கா, அவள் லிட்டில். பரிசும் கட்டிப்பிடியுமாகத்தான் இருக்கும். தூக்கத்தைக் கெடுப்பது, வலுவில் குடிக்க வைப்பது, அவமானப்படுத்துவது, "வெளியில சொல்லாதே" என்பது, இவைதான் ஹேஸிங். "அவளே சம்மதிச்சா" என்பது டெக்ஸஸ் சட்டத்தில் செல்லாது. 2024 டிசம்பரில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டத்தின்படி, கல்லூரிகள் ஹேஸிங் குற்றம் உறுதியான சங்கங்களை வெளியிட வேண்டும். மகளின் கல்லூரித் தளத்தில் அந்த அறிக்கையைத் தேடிப் படியுங்கள்.

கேள்வி: பிடிக்கவில்லை என்றால் வேறு சொராரிட்டிக்கு மாறலாமா?

பதில்: பிட்டை ஏற்ற பிறகும் இனிஷியேஷனுக்கு (முழு உறுப்பினராக்கும் சடங்குக்கு) முன் விலகலாம், ஆனால் அடுத்த முதன்மை ரெக்ரூட்மெண்ட் வரை காத்திருக்க வேண்டும். இனிஷியேஷன் முடிந்தபின் அந்தக் கூட்டமைப்பின் வேறு சொராரிட்டியில் வாழ்நாளுக்கும் சேர முடியாது. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம்): மகளை எல்லா வீடும் 'ட்ராப்' செய்துவிட்டன. ரூமில் படுத்திருக்கிறாள். கறுப்பாக இருப்பதாலா என்று கேட்கிறாள். என்ன சொல்ல?

பதில்: அம்மா, நிறம் காரணமாகவே இருக்க முடியாது என்று நான் சொல்லமாட்டேன். அலபாமாவைப் பற்றி மேலே நானே எழுதினேன். ஆனால் கணக்கு எப்படி நடக்கிறது என்பதும் அவளுக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொரு சாப்டரும் இத்தனை பேரைத்தான் எடுக்கலாம் என்று ஓர் எண் உண்டு, அது 'கோட்டா'. கடைசிச் சுற்றில் 600 பெண்கள், 12 சாப்டர் என்றால் சுமார் 50. எல்லாரும் விரும்பும் சாப்டரை முதல் நாளிலேயே நிறையப் பேரை விட்டுவிடச் சொல்லும் முறை ஒன்று இருக்கிறது. கடைசிவரை ஆசை காட்டிக் கைவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. ஐந்து நிமிடம் பேசிய பெண்ணை, அதுவும் ஒருவர் காதில் ஒருவர் கத்திப் பேசும் கூடத்தில், நினைவில் வைத்திருந்து மதிப்பெண் போடுகிறார்கள். என் குழுவில் மிக நன்றாகப் பேசுகிற பெண்தான் முதலில் உதிர்ந்தாள்.

இன்று அவளிடம் கணக்கைப் பேச வேண்டாம். சாப்பிட்டாளா என்று கேளுங்கள். முடிந்தால் இந்த வாரக்கடைசி நேரில் போங்கள். அவளுடைய ரோ காமாவின் எண் அவளிடம் இருக்கும். அழுதுகொண்டே கூப்பிட்டாலும் பரவாயில்லை, அவர் இருப்பதே அதற்குத்தான். பிட் டே முடிந்த பிறகு இடமுள்ள சாப்டர்கள் சி.ஓ.பி. என்ற பெயரில் ஆரவாரமில்லாமல் ஆள் எடுக்கும். மெழுகுவத்தி கிடையாது, காபி குடித்துக்கொண்டே பேசுவார்கள். அவளுக்கு விருப்பமிருந்தால் கல்லூரியின் பான்ஹெலனிக் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போதும். என்ன எழுதுவதென்று தெரியாவிட்டால் எனக்குத் தனியாக எழுதச் சொல்லுங்கள், சேர்ந்து எழுதுவோம்.