மாமா பேசிய சீட்டும் மகள் போட்ட கீற்றும்

மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று கேட்டு, போன வாரம் கோவில்பட்டியிலிருந்து ஒரு அப்பா போனில் பேசினார். மகள் பிளஸ் டூ. தாய்மாமா ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மேனேஜ்மென்ட் சீட் பேசி வைத்திருக்கிறார். மகளோ மொட்டை மாடித் தகரக் கொட்டகையின் மேல் தென்னங்கீற்று பரப்பி, உள்ளே வெப்பமானியைத் தொங்கவிட்டு, கோடை முழுக்கச் சூட்டை நோட்டில் குறித்து வைத்திருக்கிறாள். கட்டடக்கலை படிக்க ஆசை. "இது கொத்தனார் வேலைதானே சார்?" என்றார்.

பயப்படாதீர்கள் என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் ஆறுதல் சொல்ல மனம் வரவில்லை. வீட்டுப் பத்திரத்தை வைத்து அந்த சீட்டை வாங்காதீர்கள். கணினி நல்ல படிப்புதான். ஆனால் ஆசைப்படுவது மாமா, நாலு வருஷம் உட்காரப்போவது மகள்.

சோலார் டெகாத்லான் என்றொரு மாணவர் போட்டி உண்டு. 2002-இல் வாஷிங்டனில் தொடங்கியது. அந்த நாட்களில் மாணவர்களே சின்னதாக ஒரு வீட்டை வரைந்து, கட்டி, பிரித்து ஏற்றிப்போய், போட்டித் திடலில் மறுபடி நிறுத்துவார்கள். அதோடு விடமாட்டார்கள். வெந்நீர் வர வேண்டும், துணி துவைக்க வேண்டும், அறையின் சூடு சொன்ன அளவைத் தாண்டக்கூடாது. எல்லாம் சூரிய மின்சாரத்தில். 2007-இல் வென்ற ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் மாணவர்கள் ஜன்னலை மறைக்கும் மரச் சட்டங்களிலேயே சூரிய மின்கலங்களைப் பதித்திருந்தார்கள். வெயிலைத் தடுப்பதும் அதுவே, மின்சாரம் தருவதும் அதுவே. 2014-இல் மும்பை ஐ.ஐ.டி. அணி பிரான்சின் வெர்சாய் வரை போய் வீட்டை நிறுத்தியது. உங்கள் மகளின் நோட்டு இந்த வகைதான் அய்யா.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். ஆரோவில்லில் உள்ள மண் கட்டுமான நிறுவனத்தில், மண்ணோடு சுமார் 5 சதவீதம் சிமென்ட் கலந்து அழுத்திச் செங்கல் அறுக்கச் சொல்லித் தருகிறார்கள். சூளை கிடையாது, விறகு கிடையாது. தண்ணீர் தெளித்து நாலு வாரம் பதப்படுத்தினால் போதும். குறுகிய காலப் பயிற்சிதான். விடுமுறையில் அனுப்பிப் பாருங்கள். கை அழுக்காகியும் ஆசை போகவில்லை என்றால் பி.ஆர்க்., அதாவது கட்டடக்கலைப் பட்டப்படிப்பில் சேர்க்கலாம்.

அதற்கும் கணக்கு உண்டு. ஐந்து வருடப் படிப்பு. மாடல், பிரின்ட் என்று கட்டணத்துக்கு மேல் செலவு இழுக்கும். ஆரம்பச் சம்பளம் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்காது. ஆகவே கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பள்ளி, திருச்சி என்.ஐ.டி. போன்ற அரசு இடங்களுக்கு முதலில் முயலுங்கள். கட்டடக்கலைக்கான நுழைவுத் தேர்வுகளான நாட்டா, ஜே.இ.இ. இரண்டாம் தாள் இரண்டையும் எழுதட்டும். கட்டடக்கலை கவுன்சிலின் ஒப்புதல் இல்லாத கல்லூரி என்றால் வாசலோடு திரும்பிவிடுங்கள்.

சனிக்கிழமை மகளை அழைத்து வாருங்கள், நோட்டும் வரட்டும். மாமா வர வேண்டாம்.