உருகிய ஃபேரிங்: அந்த பேனலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்

கிருஷ்ணகிரி வாசகர் ஒருவரின் கடிதச் சுருக்கம்: விழுந்து உடைந்த ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு ஆன்லைனில் 7,800 ரூபாய்க்கு ஃபேரிங் (பைக்கை மூடும் பிளாஸ்டிக் உறை) செட் வாங்கினேன். ஊரில் ஒரு கடையில் 2,500 ரூபாய் கூலிக்கு மாட்டித் தந்தார்கள். பத்தாவது நாள் சூளகிரி அருகே போகும்போது தீய்ந்த வாடை. இடது கீழ் பேனல், இன்ஜினிலிருந்து புகை போகும் பெண்ட் பைப்பில் ஒட்டி உருகியிருந்தது, பக்கத்து ஒயரும் கருகிவிட்டது. ஒயரிங் சரிசெய்ய 3,700 ஆகுமாம். கேட்கப் போனால், ‘மட்டமான சாமான் வாங்கி வந்தா இப்படித்தான்’ என்று நாலு பேர் முன்னால் அசிங்கப்படுத்தினார் கடைக்காரர். போலீஸ் புகார், ஐந்து லட்சம் நஷ்டஈடு, இன்சூரன்ஸ் க்ளெய்ம் மூன்றையும் செய்யலாமா?

வழக்கறிஞர் பதில்:

அவர் பேசிய பேச்சு வலித்திருக்கும், ஆனால் அதை வைத்து வழக்கு நிற்காது. போலீஸுக்கும் இதில் வேலை இல்லை. சட்டத்துக்குத் தேவையான கேள்வி ஒன்றுதான்: சூடு தடுக்கும் ஷீட் ஒட்டித் தருவதாகக் கடைக்காரர் ஒப்புக்கொண்டாரா? ‘சில்வர் ஷீட்டோட சேத்து 2,500’ என்று வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வழக்கே அந்த ஒரு வரிதான்.

‘மட்டமான சாமான்’ என்ற வாதம் எடுபடாது. ஃபேரிங் செய்யும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் 100 டிகிரியைத் தாண்டும்போதே இளக ஆரம்பிக்கும், பெண்ட் பைப்போ பல நூறு டிகிரிக்குப் போகும். கம்பெனி பேனலே ஆனாலும் பைப்பைத் தொட்டால் உருகத்தான் செய்யும். இடைவெளி விட்டதா, ஷீட் பிடித்ததா என்பதுதான் விஷயம்.

நீங்கள் அனுப்பிய படங்களில் இரண்டு இடங்களைப் பாருங்கள். பேனலின் உள்பக்கம் ஃபாயில் ஷீட் பாதியில் உரிந்து தொங்குகிறது, அதன் பசை முழுக்கத் தூசி. ஒட்டும் முன் அந்த இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் (பிசுக்கு நீக்கும் திரவம்) போட்டுத் துடைத்துக் காயவிட வேண்டும், அதைச் செய்யாமலே ஒட்டியிருக்கிறார்கள். இன்னொன்று, பேனலோடு வந்த போல்ட் ஓட்டை சும்மா இருக்கிறது, அதற்குப் பக்கத்திலேயே டிரில் போட்ட புது ஓட்டை. விலை குறைந்த செட்டில் ஓட்டைகள் சில மில்லிமீட்டர் விலகி வருவது சகஜம். எல்லா போல்ட்டையும் முதலில் இரண்டு மூன்று சுற்று மட்டும் ஏற்றி, பேனல்களை ஒன்றோடொன்று உட்காரவைத்து, கடைசியில்தான் இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முதலிலேயே முறுக்கிவிட்டு மறுபக்கம் டிரில் போட்டால் பேனல் உள்ளே இழுபட்டுப் பைப்பைத் தொடும். இந்த இரண்டும் மாட்டியவர் தவறு. ஆனால் படம் மட்டும் போதாது, பேனல் கையில் இருக்க வேண்டும். பரிசோதனை தேவைப்பட்டால் நுகர்வோர் ஆணையம் பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். புது பேனல் மாட்டிய கையோடு பழையதைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு வரும் கட்சிக்காரருக்கு என்னால் எதுவும் செய்ய முடியாது. வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காதீர்கள். அதைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியம் (சாட்சியச் சட்டம்) 63(4)-ன்படி மின்னணுப் பதிவுக்குத் தரும் சான்றிதழை எதிர்த்தரப்பு கட்டாயம் கேட்கும்.

இன்சூரன்ஸ் விஷயத்தில்தான் எனக்குக் கவலை. பாலிசியில் தீ உண்டு, எலக்ட்ரிக்கல் பழுது கிடையாது. இதைத் தெரிந்துகொண்டு பலர் க்ளெய்ம் படிவத்தில் ‘ஷார்ட் சர்க்யூட் ஆகித் தீப்பிடித்தது, கம்பெனி பேனல்’ என்று எழுதிவிடுகிறார்கள். இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் வந்து புது டிரில் ஓட்டையைப் பார்த்ததும் அது பொய்த் தகவல் ஆகிவிடும். பாலிசி பலன் அதோடு போகும். பிறகு கடைக்காரர் மீது ஆணையத்துக்குப் போனால், உங்கள் கையெழுத்தோடு இருக்கும் அதே படிவத்தை அவர் வக்கீல் எடுத்துக் காட்டுவார்: ‘ஷார்ட் சர்க்யூட் என்று இவரே சொல்லியிருக்கிறாரே!’ ஒரே சம்பவத்துக்கு இரண்டு கதை சொன்னவரை யார் நம்புவார்கள்? உண்மையை எழுதினாலும் லாபம் இல்லை. சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள், க்ளெய்ம் செய்யாதவருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ க்ளெய்ம் போனஸும் போகும். க்ளெய்மை விட்டுவிடுங்கள்.

உங்களுக்கு எதிராகவும் ஒன்று கிளம்பும். ஆர்.சி.யில் கறுப்பு, இப்போது பைக் நீலமும் வெள்ளையும். அதே வடிவத்தில் பேனல் மாற்றுவது வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவது ஆகாது. ஆனால் நிறம் ஆர்.சி.யில் பதிவான விவரம், அதோடு முரண்படக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 182A(4)-ன்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. முன்பக்க இண்டிகேட்டரையும் கழற்றிவிட்டதாகப் படத்தில் தெரிகிறது. கடைக்காரருக்கு நோட்டீஸ் போகும் முன் அதைத் திரும்ப மாட்டுங்கள், நிறத்துக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள்.

ஐந்து லட்சம் வராது. பேனல், கூலி, ஒயரிங் சேர்த்து உங்கள் நஷ்டம் 14,000 ரூபாய். இந்தத் தொகைக்குக் கிருஷ்ணகிரி நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை, இரண்டு வருட அவகாசமும் இருக்கிறது. ஆனாலும் ஆய்வக அறிக்கை, வாய்தா என்று போகும் நாட்களையும் லீவு போட்ட சம்பளத்தையும் கணக்குப் பாருங்கள். பேசித் தீர்த்துக்கொள்வதே நல்லது. 14,000 கேட்டு ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள், 10,000-க்கு வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு முன் கூகுளில் அவரைத் ‘திருடன்’ என்று எழுதியதை நீக்குங்கள். அது இருக்கும்வரை பாரதிய நியாய சன்ஹிதா (குற்றவியல் சட்டம்) 356-ன் கீழ் அவதூறு வழக்கு போடுவேன் என்று அவர் திருப்பி மிரட்டலாம்.

சமரசக் கடிதத்தில் ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதத்தான் சொல்வார். எழுதிக் கொடுங்கள், பணம் உங்கள் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகு. உருகிய பேனலையும் அதுவரை அவரிடம் தராதீர்கள்.