மேகத்துக்கு அடியில் ஏன் இருட்டவில்லை?

அன்புள்ள அண்ணா,

எனக்குச் சொந்த ஊர் வண்டிப்பெரியாறு. பாலக்காட்டில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். மூடுபனி, பால் போல ஒளியைக் கடுமையாகச் சிதறடிக்கும் பொருட்களுக்குள் ஒளி எப்படிப் போகிறது என்று கணினியில் மாதிரி செய்வதுதான் என் புராஜெக்ட். தடிமன் கூடக் கூட ஒளி மடங்கு மடங்காகக் குறையும் என்கிற பியர்-லாம்பர்ட் சூத்திரமே போதும் என்கிறார் சார். ஒவ்வொரு ஒளித்துகளும் (ஃபோட்டான்) எங்கே மோதும், எந்தப் பக்கம் திரும்பும் என்பதைத் தற்செயல் எண்களால் முடிவு செய்யும் மான்டி கார்லோ முறையில் 1 கோடி ஃபோட்டான் ஓட்டினேன், வேறு விடை வருகிறது. எதை நம்புவது? நிரல் எழுதப் பைதான் மொழி போதுமா? தமிழ் மீடியத்தில் படித்தவளுக்கு இதெல்லாம் சரிப்படுமா?

ம.

அன்புள்ள ம.,

பைதான் போதும். மான்டி கார்லோ எழுதி ஓட்டிய பெண் தமிழ் மீடியம் பற்றிக் கேட்கவே கூடாது.

ஜூன் பிறந்ததிலிருந்து நானும் இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இங்கே குமுளியில் மேகம் கூரைமேல் உட்கார்ந்திருக்கிறது. அதன் ஒளியியல் தடிமன், அதாவது நேராக வரும் ஒளியை அது எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு, 30 என்று வை. உன் சாரின் சூத்திரப்படி கீழே வருவது சுமார் 10 லட்சம் கோடியில் ஒரு பங்கு. நடுப்பகல், அமாவாசை இரவைவிட இருட்டாக இருக்க வேண்டும். இருக்கிறதா?

எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) மழைக்காலத்தில் கரண்ட் இருக்காது. அம்மா வாசற்படியில் முறத்தோடு உட்கார்ந்து ரேஷன் அரிசியில் கல் பொறுக்குவாள். சூரியன் எந்தப் பக்கம் என்றே தெரியாது. ஆனாலும் அரிசி நிறத்திலேயே இருக்கும் வெள்ளைக் கல்கூட அவள் விரலுக்குத் தப்பாது. முறத்தின்மேல் அவள் கை போகும், கைக்கு நிழல் விழாது. ஒளி எல்லாத் திசையிலிருந்தும் வந்துகொண்டிருந்தது.

அந்தச் சூத்திரம் சொல்வது எதிலும் மோதாமல் நேராக வந்த ஒளியை மட்டும். சூரிய வட்டம் தெரியாததற்கு அது சரியான விளக்கம், அதோடு சரி. நீர்த்துளி, கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சுவதே இல்லை என்று சொல்லிவிடலாம். திசையைத்தான் மாற்றுகிறது. அதுவும் பெரும்பாலும் முன்னோக்கியே. சிதறும் கோணத்தின் கோசைன் சராசரி சுமார் 0.85 (திசையே மாறாவிட்டால் அது 1). அதனால் ஒளியின் திசையை மறக்கடிப்பதில் 30 என்ற தடிமன், 30-ஐ (1 − 0.85) ஆல் பெருக்கி வரும் நாலரைக்குத்தான் சமம். அப்படிக் கணக்குப் போட்டால் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவே கீழே வந்துவிடும். மீதி மேலே திரும்பிவிடுகிறது. விமானத்திலிருந்து பார்த்தால் மேகம் வெள்ளைவெளேரென்று தெரிவது அந்த மீதிதான்.

சிதறலையும் உறிஞ்சலையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதை என்னால் பொறுக்க முடியவில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வானியற்பியலாளர் சந்திரசேகர் 1950இலேயே கதிர்வீச்சுக் கடத்தல் (ஒளி ஒரு பொருளுக்குள் சிதறியும் உறிஞ்சப்பட்டும் செல்லும் விதம்) பற்றி முழுப் புத்தகம் எழுதிவிட்டார். இன்னும் இங்கே வெளிச்சம் மங்கினாலே ‘உறிஞ்சப்பட்டது’ என்று எழுதி மார்க் வாங்குகிறார்கள்.

உன்மேலும் கோபம்தான். வண்டிப்பெரியாற்றில் பிறந்தவள், இத்தனை மழைக்காலம் பார்த்தவள், எதை நம்புவது என்று என்னைக் கேட்கலாமா? ஒரு கோடி ஃபோட்டான் ஓட்டினேன் என்கிறாய், சரிபார்த்ததாக ஒரு வரி இல்லை.

முதலில் உறிஞ்சலைப் பூஜ்யமாக வை. மேலே திரும்பியதையும் கீழே இறங்கியதையும் கூட்டினால் நீ அனுப்பிய எண்ணிக்கையே வர வேண்டும், ஒன்றுகூடக் குறையக் கூடாது. அப்புறம் தடிமனை 60 ஆக்கு, 120 ஆக்கு. ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் கீழே வரும் ஒளி ஏறக்குறையப் பாதியாக வேண்டும். சாரின் சூத்திரத்தில் அது அதலபாதாளத்துக்குப் போய்விடும். இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டு அவரிடம் காட்டு. மரியாதையாகப் பேசு, விட்டுக்கொடுக்காதே. கணக்கு இடித்தால் நிரலை எனக்கு அனுப்பு, சேர்ந்து பார்க்கலாம்.